"மிஸ்ஸி, உங்க மகளுக்குப் போட்டாச்சா?"

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். லாபிஸ் வட்டாரத்தில் ஓர் அரசாங்க கிளினிக்கில் 14 ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள்தான். தோட்டத்தில் மிச்சமிருக்கும் நம் குடும்பங்களும், தோட்டத்தை விட்டு வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மலிவு விலை வீட்டில் இருப்பவர்களும் எங்களிடம் வருகிறார்கள். போன மாதம் படிவம் 1 (13 வயது) மாணவிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கு எதிரான தடுப்பூசிக்கான ஒப்புதல் பாரம் கொடுத்தோம். நம் பிள்ளைகள் சிலரின் பாரம் 'வேண்டாம்' என்று வந்தது; சிலருடையது வரவே இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது ஓர் அக்கா, "மிஸ்ஸி, உங்க மகளுக்கும் அதே வயசுதானே, அவளுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் மகளின் பாரமும் இன்னும் பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. பிள்ளைப்பேறு பாதிக்கும் என்கிறார்களே, இத்தனை சின்ன வயதில் எதற்கு, 3 தவணை 2 ஆகி 1 ஆனது எப்படி என்றெல்லாம் எனக்கே சந்தேகம். கோவிட் ஊசி போட்டு 2 மாதத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அதுவும் மனதில் இருக்கிறது. கிளினிக்கில் கேட்டால், "நீயே இப்படிக் கேட்கலாமா?" என்பார்கள். "இந்தியர்கள் டெகில் (பிடிவாதக்காரர்கள்), சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்று அங்கே சிலர் பேசும்போது வலிக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

– ஒரு தாதி, ஜொகூர்

அன்புத் தங்கைக்கு,

பிரிட்ஜ் மேல் இருக்கும் பாரத்தை ஒளிக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் 31 ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் இருந்து ஓய்வு பெற்றவள். தன் பிள்ளைக்கு ஊசி போடத் தயங்கிய தாதியரை எனக்குத் தெரியும். சளிக்காய்ச்சல் ஊசி போடும் நாளில் மட்டும் விடுப்பு எடுக்கும் டாக்டர்களையும் தெரியும். சீருடை போட்டுவிட்டால் பயம் போய்விடும் என்று ஊர் நினைக்கிறது. ஊசியை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், கையில் எந்த இடத்தில் எப்படிப் போட வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மருந்துக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படிச் சோதித்தார்கள், பக்கவிளைவு வந்தால் யார் கணக்கு வைக்கிறார்கள் என்று உட்கார வைத்துச் சொன்னவர்கள் குறைவு. அந்தக் காலி இடத்தில்தான் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த அக்கா உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. சந்தையில் மீன்காரரிடம், "நீங்க வீட்டுக்கு எதை எடுத்துட்டுப் போறீங்க? அதையே எனக்கும் போடுங்க" என்று சொல்வோம் இல்லையா, அந்த மாதிரிக் கேள்வி அது. ஆய்வுக் கட்டுரை படிக்க அவருக்கு வழியில்லை. உங்கள் மகள்தான் அவருக்கு ஆய்வுக் கட்டுரை. அதனால் அவர் வீட்டுக்கு மறுபடி போவதற்கு முன் உங்கள் சந்தேகத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

பிள்ளைப்பேறு. எச்பிவி தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது, செத்த கிருமியும் கிடையாது. கிருமியின் மேல் ஓட்டில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் செய்கிறார்கள். அந்தப் புரதம் தானாக ஒன்றுகூடிக் கிருமியின் உருவத்தில் நிற்கும். உள்ளே மரபுப்பொருள் எதுவும் இல்லை. பருப்பு எடுத்த தேங்காய் மாதிரி. அதை எங்கே புதைத்தாலும் முளைக்காது. உடம்பு அந்த உருவத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும், நாளை நிஜமான கிருமி வந்தால் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். 2006இல் இந்த ஊசி சந்தைக்கு வந்ததிலிருந்து உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டு, வளர்ந்து, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள், இல்லை. இன்னொன்றையும் நீங்கள் அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும். கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் வந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க நேரிடலாம். அப்படி எடுத்த பெண்களுக்குப் பிறகு கர்ப்பம் தரித்தால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. புற்றுநோயே வந்துவிட்டால் சில பேருக்குக் கருப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். பேரப்பிள்ளையைக் கையில் ஏந்த ஆசைப்படும் தாய்க்கு இந்த ஊசி எதிரி இல்லை.

சின்ன வயது. "வயசுக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது, சடங்கு கூட இன்னும் பண்ணல, அதுக்குள்ள எதுக்கு இந்த ஊசி?" இதை எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதன் அடியில் இன்னொரு கேள்வி இருக்கும், அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்: "என் பொண்ணு கெட்டுப் போவான்னு சொல்றீங்களா?" இந்தக் கிருமி உடலுறவில் பரவுவது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர்களுக்கு அந்த வலி. நான் இப்படிச் சொல்வேன்: ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவக்கூடியது. 1989 முதல் மலேசியாவில் அதற்கான ஊசியைப் பிறந்த குழந்தைக்கே போடுகிறோம். ஈரல் புற்றுநோய்க்கு ஒரு பெரிய காரணத்தை அன்றே தடுத்துவிடுகிறோம். பிறந்த பிள்ளையின் ஒழுக்கத்தை அன்று யாராவது சந்தேகப்பட்டார்களா? எச்பிவியும் அதே வகை வேலைதான். கல்யாணமாகித் தன் கணவனோடு மட்டும் வாழ்கிற பெண்ணுக்கும் இந்தக் கிருமி வரலாம். வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதோடு இந்த வயதில் உடம்பு நன்றாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. மாதவிலக்கு நாளில் போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம், ஒரு தடையும் இல்லை.

தவணை. நம் நாட்டில் 2010இல் 13 வயது மாணவிகளுக்கு இந்தத் திட்டம் தொடங்கியபோது 3 தவணை. பிறகு 2 ஆனது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒரே தவணையும் போதும் என்றது. "மாத்தி மாத்திப் பேசுறாங்க" என்று மக்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் காரணத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. குறைவாகப் போட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது அவர்களுக்கும் பாதுகாப்பு நிலைத்து நின்றது தெரிந்தது. கென்யாவில் இளம்பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் ஒரு தவணையே எச்பிவி 16, 18 என்ற இரண்டு மோசமான வகைகளை 97 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். ஊசி வியாபாரம் என்று பேசுகிறவர்களிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்: வியாபாரம்தான் நோக்கம் என்றால் 3 ஊசியை 1 ஆக்குவார்களா?

பலன் உண்டா என்பதற்கு இப்போது கையில் கணக்கு இருக்கிறது. சுவீடனில், 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு என்று 2020இல் வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் வந்தது. அதைப் படித்த அன்று நான் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் வேலைக் காலத்தில் அந்த நோயோடு வந்த பெண்கள், பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள், எவ்வளவு பிந்தி வந்தார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். "வெள்ளை படுது டாக்டர்" என்று சொல்லவே கூச்சப்பட்டு ஓர் ஆண்டைக் கடத்தியிருப்பார்கள்.

பக்கவிளைவு இல்லவே இல்லை என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். கை வலிக்கும், வீங்கலாம், காய்ச்சலோ தலைவலியோ ஒரு நாள் இரண்டு நாள் இருக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் மயங்கி விழுவது உண்டு, அதனால்தான் 15 நிமிடம் உட்கார வைக்கிறோம். கடுமையான ஒவ்வாமை ஏறத்தாழ 10 லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் வரும். அதற்குத்தான் அட்ரினலின் உங்கள் தட்டிலேயே தயாராக இருக்கிறது. அதை அந்த அக்காவிடம் காட்டுங்கள். "இது எதுக்குன்னா..." என்று எடுத்துக் காட்டினால் பயப்படமாட்டார். இவர்கள் தயாராகத்தான் வருகிறார்கள் என்று நிம்மதிப்படுவார்.

ஜப்பான் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2013இல் சில சிறுமிகளின் உடல் வலி, நடுக்கம் பற்றிய செய்திகள் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியதும் அரசாங்கம் பரிந்துரையை நிறுத்தி வைத்தது. சுமார் 70 சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. பிறகு நகோயா நகரில் ஆயிரக்கணக்கான பெண்களைக் கேட்டுப் பார்த்ததில், அந்தத் தொல்லைகள் ஊசி போட்டவர்களுக்கு அதிகமாக இல்லை என்று தெரிந்தது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது. இடையில் வளர்ந்த பெண்களுக்கு அந்த வயது திரும்பி வராது.

எனவே, உங்கள் மகளுக்குப் போடுங்கள் என்பது என் ஆலோசனை. என் இளைய மகளுக்கு 2010இல் 13 வயது. முதல் தொகுதியிலேயே போட்டுக்கொண்டாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதற்குத்தான் மேலே அத்தனை கணக்கும். ஆனாலும் "உங்க மகளுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டால் நான் சொல்ல வேண்டிய பதில் இது.

அடுத்தது உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் ஏன் போனார் என்று ஜொகூரிலிருந்து வந்த ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. மாரடைப்பு, ஊசி வருவதற்கு முன்பே நம் ஆண்களை 50 வயதில் வாரிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தது. மாரடைப்புக்கு வழிவிடும் சர்க்கரை நோய் நம்மவர்களிடம் அதிகம் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே ஆண்டில் ஊசி போட்டால், வேறு காரணத்தால் நேரும் சாவுகளும் ஊசிக்குப் பிறகு நேர்ந்ததாகவே இருக்கும். சரி, கோவிட் ஊசிகளால் பாதிப்பே வரவில்லையா? வந்தது. அஸ்ட்ராஸெனெகா ஊசிக்குப் பிறகு மிகச் சிலருக்கு இரத்தம் உறைந்தது உண்மை. ஃபைசர் போன்ற ஊசிகளுக்குப் பிறகு சில இளைஞர்களுக்கு இதயத் தசையில் அழற்சி வந்ததும் உண்மை. இவை தெரிய வந்ததே தாதியரும் டாக்டர்களும் ஒவ்வொன்றாகப் புகார் பதிந்ததால்தான். நம் நாட்டில் 2021 ஏப்ரலில் அஸ்ட்ராஸெனெகாவைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்புகிறவர்கள் மட்டும் பதிந்துகொள்ளலாம் என்று தனியாக வைத்தார்கள். உங்கள் கிளினிக்கில் யாராவது, "ஊசிக்கு அப்புறம் இப்படி ஆச்சு மிஸ்ஸி" என்று வந்தால், "அதெல்லாம் இருக்காது" என்று அனுப்பிவிடாதீர்கள். எழுதி, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்குப் போகும் புகாராகப் பதியுங்கள். பொதுமக்களே நேரடியாகவும் பதியலாம் என்று சொல்லுங்கள். தன் பேச்சை ஒரு தாதி காகிதத்தில் எழுதிக்கொண்டதைப் பார்த்தவர் அடுத்த முறை கிளினிக்கைக் கண்டு ஒதுங்கமாட்டார். அந்த அண்ணன் வீட்டாரிடமும் புள்ளிவிவரம் பேச வேண்டாம். அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் அவமானமான நாளில். 1990களின் தொடக்கம், பேராவில் ஒரு சின்ன ஊர்க் கிளினிக், நான் புதிய டாக்டர். ஒரு தாய் 11 மாதக் குழந்தையோடு வந்தார். தட்டம்மை ஊசிக்கு 9 மாதத்தில் வந்திருக்க வேண்டும். பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காது கேட்க, "படிக்கத் தெரியாட்டியும் தேதி பாக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த குழந்தையின் புத்தகத்தை எடுத்தார், பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அதன் வாயை இரண்டு முறை முடிச்சுப் போட்டார், பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த முடிச்சு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

எங்கள் கிளினிக்கில் ஒரு மூத்த தாதி இருந்தார், தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் "பெரிய மிஸ்ஸி". அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: கக்குவான் உள்ளிட்ட மூன்று நோய்களுக்கு முன்பு போட்ட முத்தடுப்பு ஊசிக்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்திருக்கிறது. அதிலிருந்து தாய்க்கு இரவில் தூக்கம் இல்லை. அதைக் கேட்கத்தான் அன்று அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் கேட்கவிடவில்லை. அந்தக் காலத்து முத்தடுப்பு ஊசி இப்போதுள்ளதைவிட அதிகம் காய்ச்சல் கொடுக்கும். காய்ச்சலில் வரும் இழுப்பு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் பிள்ளையை ஒன்றும் செய்யாது. இந்த இரண்டு வரி போதும், ஒரு நிமிட வேலை. அடுத்த வாரம் அந்தத் தாய் பிள்ளையோடு வந்தார், பெரிய மிஸ்ஸியிடம்தான் வந்தார். அவர்கிட்ட என்ன சொல்லி அழைத்து வந்தீர்கள் என்று கேட்டேன். "ஒன்னும் சொல்லல டாக்டர். அவளைப் பேச விட்டேன்" என்றார்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரசவ வார்டிலேயே தாய்மாரோடு உட்கார்ந்து, முதலில் அவர்கள் பயத்தைக் கேட்டு, "நான் ஒரு விஷயம் சொல்லலாமா?" என்று அனுமதி வாங்கிப் பேசும் முறையைச் சோதித்தார்கள். பலன் தெரிந்ததும் மாகாணம் முழுவதற்கும் கொண்டுபோனார்கள். படித்தபோது பெரிய மிஸ்ஸிதான் நினைவுக்கு வந்தார்.

'டெகில்' என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் சக ஊழியர்களிடம் சண்டை போட வேண்டாம். திரும்பாத ஒவ்வொரு பாரத்துக்கும் காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை பாதிப் பாரத்தில் மறுப்பே இருக்காது. மலாயில் அச்சடித்த பாரத்தைத் தாய் படித்துப் புரிந்துகொண்டிருக்கமாட்டார், பிள்ளை சொல்ல வெட்கப்பட்டிருக்கும். தோட்டத்துத் தாய் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போயிருப்பார், தாமான் தாய் அஞ்சரை மணிக்கே தொழிற்சாலை பஸ் ஏறியிருப்பார். அரை நாள் விடுப்புக் கேட்டால் சம்பளம் போகும், மண்டோரின் (மேற்பார்வையாளரின்) முகமும் கறுக்கும். சில வீடுகளில் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்காது. பத்திரம் கேட்பார்களே, வெளிநாட்டுக்காரர் கட்டணம் போடுவார்களே என்று அந்தத் தாய் கிளினிக் வாசலுக்கே வரமாட்டார். 'வேண்டாம்' என்று எழுதிவிடுவது அவருக்குச் சுலபம். இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தால் நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமிருக்காது.

2019இல் கிளந்தானில் குவாலா கோ என்ற ஊரில் பாத்தேக் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் அடுத்தடுத்து இறந்தபோது மர்ம நோய் என்றார்கள். பரிசோதனையில் தட்டம்மை என்று தெரிந்தது. இந்த நாட்டில் 1980களிலிருந்து ஊசி இருக்கிற நோய். ஊசி முழுமையாகப் போய்ச் சேராத குடியிருப்பு அது. நோட்டு நிரம்பியதும் உங்கள் மேலதிகாரியான சிஸ்டரிடம் காட்டும்போது இதையும் நினைவுபடுத்துங்கள். "இந்தியர்கள் வரவில்லை" என்பதைவிட, "18 பேரில் 7 பேருக்குப் பாரம் புரியவில்லை, 4 பேருக்குப் பகலில் வர முடியவில்லை" என்பது அவர்களாலும் மறுக்க முடியாத பேச்சு. (எண்கள் என் உதாரணம்தான், உங்கள் நோட்டில் வருவதைப் போடுங்கள்.) அதை வைத்து ஒரு ஞாயிறு காலையோ ஒரு மாலை 6 மணிக்கோ கோவில் மண்டபத்தில் ஒரு கூட்டம் கேளுங்கள். பாரத்தில் இருப்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் உங்கள் குரலிலேயே 2 நிமிடம் பேசி அனுப்புங்கள். ரிமூவ் கிளாஸில் (படிவம் 1க்கு முந்தைய ஓராண்டு வகுப்பில்) இருக்கும் பிள்ளைகள், பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்காகத் தேசியப் பதிவிலாகாவுக்கு யார் துணைக்குப் போவது என்று கோவில் நிர்வாகத்தையோ தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையோ கேளுங்கள். நீங்களே எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம், உடைந்து போவீர்கள்.

கூட்டத்துக்குப் பாட்டிமாரையும் அழையுங்கள். பல வீடுகளில் 'வேண்டாம்' என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. அவர்களிடம் அம்மையில் தொடங்குங்கள். லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வீட்டில் தாளிக்கமாட்டார்கள், வெளியாள் உள்ளே வரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வெளியே போகாது. தொற்று பரவாமல் காக்கும் முறை அந்தப் பழக்கத்துக்குள்ளேயே இருந்தது, அதை மதித்துப் பேசுங்கள். அப்புறம் பெரியம்மை பற்றிக் கேளுங்கள். கையில் அம்மை குத்திய தழும்பு பாதிப் பாட்டிமாருக்கு இருக்கும். 1980இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள், அந்தத் தழும்புகளால்தான். மாரியம்மன் கோவில் இருக்கிறது, தீமிதியும் நடக்கிறது, பெரியம்மை மட்டும் இல்லை. இதைச் சொன்னபோது ஒரு பாட்டி தன் ரவிக்கைக் கையைச் சுருட்டித் தழும்பைப் பேத்திக்குக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகளுக்கு ஊசி என்றால் அம்மாவுக்குப் பரிசோதனை. இப்போது தானே மாதிரி எடுத்துக்கொள்ளும் எச்பிவி பரிசோதனை வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் 2018இல் ரோஸ் திட்டம் என்று அதைத் தொடங்கி, முடிவைக் கைப்பேசிக்கே அனுப்பும் வழியைக் காட்டியது. டாக்டர் முன்னால் படுக்கக் கூச்சப்பட்ட எத்தனையோ பேர் இதற்குச் சம்மதிப்பார்கள். உங்கள் கிளினிக்கில் கிடைக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைசியாக அந்த அக்கா. உங்கள் மகளின் பாரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் வீட்டுக்குப் போங்கள். போடாவிட்டாலும் போங்கள், ஆனால் பொய் சொல்ல வேண்டாம். "அன்னைக்கு நீங்க கேட்டப்போ என் மக பாரம் வீட்லதான் இருந்துச்சு அக்கா, எனக்கும் பயமா இருந்துச்சு" என்று ஆரம்பியுங்கள். எதைக் கேட்டு, எதைப் படித்து மனம் மாறினீர்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அவர் மறுத்தால், "சரிக்கா, யோசிச்சுப் பாருங்க, அடுத்த வாரம் வரேன்" என்று தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த வாரம் கட்டாயம் போங்கள்.

மகளுக்கு ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், மயக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பள்ளிச் சீருடையான பாஜு கூரோங்கின் கை இறுக்கமாக இருந்தால் உள்ளே குட்டைக் கை வைத்த சட்டை போட்டு அனுப்புங்கள், தோள் வரை ஏற்றச் சிரமப்பட்டுப் பிள்ளைகள் கூச்சப்படும். போட்டு முடித்ததும் 15 நிமிடம் உட்கார வேண்டும். முடிந்தால் அந்த அக்காவின் மகளையும் அவளையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள்.